அட்டையின் பின்பக்கம்: ஜெனீவாவிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் வரை ஆறு நாள்

முதல் நாள், ஜெனீவா

விமானத்தில் தூக்கமே இல்லை. அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு நேராக ஏரிக்கரைக்கு நடந்துவிட்டேன். படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன் என்று தெரியும்.

இந்தப் பயணம் எதற்கு என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018 ஜூலை மாதம். வால்சார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரையில் என்.டி.எம்.ஏ. என்ற பொருள் கலந்திருக்கிறது, அது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று செய்தி வந்தது. பல நாடுகளில் அந்த மாத்திரைகளைத் திரும்பப் பெற்றார்கள். நான் வேலை பார்க்கும் மருந்தகத்திலும் அலமாரியை அலசி, பேட்ச் எண் பார்த்து, பெட்டிகளைத் தனியே எடுத்து வைத்தோம். நோயாளிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தோம். அப்படி வந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆறு வருடமாக என் கையால் அந்த மாத்திரையை வாங்கிக்கொண்டிருந்தவர்.

பாதி தீர்ந்த அட்டையை மேசை மேல் வைத்து, "அப்போ இத்தனை நாளா நான் என்னத்தைம்மா முழுங்கிக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார்.

நான் அட்டையைத் திருப்பி, கம்பெனியின் பெயரைக் காட்டினேன். "மாத்திரையா அழுத்தினது இவங்க ஐயா. உள்ளே இருக்கிற மருந்துத்தூள் வேற நாட்டுத் தொழிற்சாலையிலேருந்து வந்திருக்கு."

"அது இதுல எழுதியிருக்கா?"

"இல்லைங்க ஐயா."

"அப்போ உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து செய்தியிலதான் பார்த்தேன்."

அவரும் அதே செய்தியைத்தான் பார்த்துவிட்டு வந்திருந்தார். படித்துப் பட்டம் வாங்கி வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கிற எனக்கும் அவருக்கும் அன்றைக்கு ஒரே அளவுதான் தெரிந்திருந்தது. அது என்னை விடவேயில்லை. ஒரு மாத்திரை நோயாளியின் கைக்கு வருவதற்கு முன் யார் யார் அதைப் பற்றி முடிவு செய்கிறார்கள், எந்தெந்த மேசைகளைத் தாண்டி வருகிறது என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். விடுப்பும் பணமும் இப்போதுதான் ஒன்றாகக் கூடிவந்தன.

ஏரிக்கரையோரம் வடக்கே நடந்தால் பூங்காக்களுக்கு நடுவே உலக வர்த்தக அமைப்பின் கட்டடம் வருகிறது. 1926-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காகக் கட்டியது. மருந்துக்கும் இந்தக் கட்டடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். 1995 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த, அறிவுசார் சொத்துரிமை பற்றிய டிரிப்ஸ் ஒப்பந்தம் இந்த அமைப்போடு பிறந்ததுதான். உறுப்பு நாடுகள் மருந்துக்கும் காப்புரிமை கொடுத்தாக வேண்டும், அது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடமாவது செல்ல வேண்டும் என்றது அது. அதற்கு முன் ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி சட்டம் வைத்திருந்தது. இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டும்தான் உரிமை கொடுத்தது. மருந்துக்கே உரிமை கிடையாது. வேறு வழியில் செய்யத் தெரிந்தவர் செய்யலாம்.

அதன் பலன் எச்.ஐ.வி. மருந்தில் தெரிந்தது. 2000 வாக்கில் ஒருவருக்கு ஓராண்டு மருந்துச் செலவு 10,000 டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதே மூன்று மருந்துக் கூட்டை வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. எல்லோரும் விலையைத்தான் பேசுவார்கள். மருந்தாளுநராக எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த மாத்திரையின் வடிவம். ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரப்பின் மூன்றையும் ஒரே மாத்திரைக்குள் வைத்தார்கள். காப்புரிமை இருந்த நாடுகளில் மூன்றுக்கும் வெவ்வேறு உரிமையாளர்கள். ஒருவர் மருந்தை இன்னொருவர் மாத்திரையில் சேர்ப்பது லேசில் நடக்காது. கைப்பிடி மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கு என்று சொல்வதற்கும், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் கவுன்டரில் நிற்பவர்களுக்குத் தெரியும். மருந்தை விடாமல் சாப்பிடுவார்களா என்பது பாதி அதில்தான் இருக்கிறது.

அதே 2001 ஏப்ரலில், தென்னாப்பிரிக்க அரசின் மருந்துச் சட்டத்தை எதிர்த்து 39 மருந்துக் கம்பெனிகள் போட்டிருந்த வழக்கை வாபஸ் வாங்கின. நவம்பரில் தோஹாவில் கூடிய உறுப்பு நாட்டு அமைச்சர்கள், மக்கள் உடல்நலத்தைக் காக்க நாடுகள் எடுக்கும் நடவடிக்கைக்கு டிரிப்ஸ் குறுக்கே நிற்கக்கூடாது என்று ஒரு பிரகடனத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஒரே வருடத்தில் இவ்வளவும் நடந்தது. நான் அந்த வாசலில் நின்றபோது உள்ளே ஏதோ கூட்டம் முடிந்து ஆட்கள் கழுத்தில் அட்டையோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் யாருக்காவது கவுன்டரில் நின்ற அனுபவம் இருக்குமா என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன்.

இரண்டாம் நாள், ஜெனீவா

டிராமில் நாசியோன் சதுக்கம். அந்த ஒரு கால் உடைந்த பெரிய மர நாற்காலியைப் பார்த்துவிட்டு மேட்டில் ஏறினால் உலக சுகாதார நிறுவனம். அங்கே வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வளாகத்துக்குள் அழைத்துப் போனார்.

1977-ல் இவர்கள் அத்தியாவசிய மருந்துகள் என்று முதல் பட்டியலை வெளியிட்டார்கள். சுமார் 200 மருந்துகள். சந்தையில் ஆயிரக்கணக்கில் பெயர்கள் இருக்கட்டும், ஒரு நாட்டு மக்களின் பெரும்பாலான தேவைக்கு இவை போதும் என்று சொல்வதற்கு அன்றைக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது. இன்றைய பட்டியலில் 500-க்கு மேல் இருக்கின்றன. புற்றுநோய்க்கான விலை உயர்ந்த மருந்துகளும் சேர்ந்திருக்கின்றன.

ஆனால் இந்த நிறுவனம் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: மருந்துக்குப் பெயர் வைத்தது. உலகம் முழுவதற்கும் பொதுவான மருந்துப் பெயர்களின் முதல் பட்டியல் 1953-ல் வந்தது. பிராண்ட் பெயர் கம்பெனிக்குச் சொந்தம், பொதுப்பெயர் யாருக்கும் சொந்தமில்லை. அந்தப் பெயர்களின் வாலில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. 'ஓலால்' என்று முடிந்தால் ஒரு குடும்பம், 'ப்ரில்' என்றால் இன்னொன்று, 'சார்டன்' என்றால் வால்சார்டனின் உறவுக்காரர்கள். எந்த நாட்டு மருந்தாளுநரும் வாலைப் பிடித்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். டிலகோர் என்ற பிராண்ட் பெயர் அமெரிக்காவில் டில்டியாசெம் என்ற ரத்த அழுத்த மருந்துக்கு. செர்பியாவில் அதே பெயர் டிகாக்சின் என்ற இதய மருந்துக்கு. டிகாக்சினில் மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. பயணத்தில் மாத்திரை தீர்ந்துபோய், பெயரைச் சொல்லி வாங்கினால் போதும் என்று ஒருவர் நினைத்தால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி 2006-ல் எச்சரித்தது. வெளிநாடு போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: அட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்பக்கத்தைச் சேர்த்து.

வளாகத்தில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. பார்வையில்லாத பெரியவர் ஒருவர் பிடித்திருக்கும் கோலின் மறுமுனையைப் பிடித்து ஒரு சிறுவன் முன்னால் நடக்கிறான். ஆற்றுக்குருடு நோய்க்காக வைத்தது. அந்த நோய்க்கான ஐவர்மெக்டின் மருந்தின் வழியைக் கேளுங்கள். ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்து மண்ணில் சத்தோஷி ஓமுரா எடுத்த நுண்ணுயிர். அமெரிக்காவின் மெர்க் நிறுவன ஆய்வகத்தில் வில்லியம் கேம்பல் குழு அதை மருந்தாக்கியது. முதலில் கால்நடைக்கு விற்றார்கள். 1987-ல் மெர்க் நிறுவனம், வேண்டிய மட்டும், வேண்டிய காலம் வரை இலவசம் என்று அறிவித்தது. ஓமுராவுக்கும் கேம்பலுக்கும் 2015-ல் நோபல் பரிசு.

ஆப்பிரிக்கக் கிராமங்களில் அதை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று நண்பர் சொன்னார். அளவை எடையைப் பொறுத்து முடிவு செய்ய வேண்டும், ஆனால் எடைபார்க்கும் இயந்திரத்தை எல்லா ஊருக்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் ஒரு கோல். அதில் நிறம் பூசிய அடையாளங்கள். ஆளைப் பக்கத்தில் நிறுத்தி, தலை எந்த அடையாளத்துக்கு வருகிறதோ அத்தனை மாத்திரை. கொடுப்பவர் அதே ஊர்க்காரர், ஊரே கூடித் தேர்ந்தெடுத்தவர். தொழிற்சாலை, கப்பல், லாரி எல்லாம் தாண்டி வந்த மருந்தின் கடைசி இரண்டடி ஊரார் நம்பும் ஒருவர் கையில் இருக்கிறது. நான் அந்தக் கோலை நேரில் பார்த்ததில்லை. ஆனால் இன்று முழுக்க அது கண்முன் நிற்கிறது.

இதே மருந்துதான் 2020, 2021-ல் கொரோனாவுக்குக் கைகண்ட மருந்து என்று போனுக்குப் போன் பரவியது. 2021 மார்ச்சில் இதே கட்டடத்திலிருந்து, ஆய்வுக்கு வெளியே கொடுக்காதீர்கள் என்று அறிவுரை வந்தது. கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப்போனது. "உயிரைக் காப்பாத்துற மருந்தைப் பதுக்குறீங்களா?" என்று ஒரு பெண் அழுதார். மருந்து கண்டம் விட்டுக் கண்டம் போக மாதக்கணக்கில் ஆகிறது. மருந்தைப் பற்றிய பேச்சுக்கு ஒரு ராத்திரி போதும்.

மூன்றாம் நாள், பாசல்

மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான ரயில் பயணம். வழியில் ஏரிகள். பேசுவதற்கு வேறொன்றும் இல்லை, நன்றாகத் தூங்கினேன்.

மதியம் பாசல் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் அருங்காட்சியகம். பழைய நகரத்தில் ஏற்றமான ஒரு சந்துக்குள் இருக்கிறது. யோசப் அன்டோன் ஹெஃப்லிகர் என்ற மருந்தாளுநர் தான் சேர்த்த பொருள்களைக் கொண்டு 1924-ல் தொடங்கியது. வீட்டுக்கே ஒரு வரலாறு உண்டு. ஐந்நூறு வருடம் முன்பு இங்கே யோஹான் ஃப்ரோபன் என்ற அச்சகக்காரர் இருந்தார். அவருக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்தான் பாராசெல்சஸ். அளவுதான் ஒன்றை விஷமாக்குகிறது என்று கல்லூரி முதல் வகுப்பில் படித்தோமே, அதைச் சொன்னவர்.

1527-ல் பாசலின் நகர மருத்துவராக இருந்த பாராசெல்சஸ், லத்தீனை விட்டுவிட்டு மக்கள் பேசும் ஜெர்மனில் பாடம் நடத்தினார். ஊரில் மருந்து செய்பவர்களைச் சோதனை போட வேண்டும் என்று நகரசபையிடம் கேட்டார். எல்லோரையும் பகைத்துக்கொண்டு அடுத்த வருடமே ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அவரை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வருகிறது. அவர் சோதிக்க நினைத்த பின்கட்டு நாலு தெரு தள்ளி இருந்தது. கதவைத் தட்டினால் போதும்.

உள்ளே பழைய மருந்தறை ஒன்றை மரவேலைப்பாட்டோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். சின்னச் சின்ன இழுப்பறைகள், ஜாடிகள் மேல் லத்தீன் எழுத்து. கல்வத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். கல்லூரியில் களிம்பு அரைத்த நாள்களில் மணிக்கட்டு வலித்தது ஞாபகம் வந்தது. வேலைக்கு வந்தபின் ஒருநாள்கூட நான் மருந்து அரைத்ததில்லை. என் தலைமுறை மருந்தாளுநர்கள் பெரும்பாலும் அப்படித்தான். செய்கிற வேலை தொழிற்சாலைக்குப் போய்விட்டது. எடுத்துக் கொடுக்கிற வேலை, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்கிற வேலை எங்களிடம் தங்கியது. பலர் அதைக் குறைச்சலாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

மருந்து ஊர் சுற்றுவது புதிதும் இல்லை. தெரியாக் என்று ஒரு பழைய மருந்து. கிரேக்க, ரோமானியக் காலத்திலிருந்து நூற்றாண்டுக் கணக்கில் ஐரோப்பாவில் விஷமுறிவுக்கும் சகல நோய்க்கும் கொடுத்தார்கள். அறுபது சொச்சம் சரக்கு: பாம்பின் சதை, அபின், இலவங்கப்பட்டை, இஞ்சி, திப்பிலி. ஆமாம், நம் திப்பிலிதான். அந்தச் செடியின் 'பிப்பலி' என்ற வடமொழிப் பெயர்தான் உருமாறி ஆங்கிலத்தில் மிளகுக்குப் பெயரானது. இந்தியக் கரையிலிருந்து கப்பலேறிய சரக்கு வெனிஸ் நகரத்து மருந்தில் போய்ச் சேர்ந்தது.

வெனிஸில் அந்த மருந்தை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் விசேஷம். பொது இடத்தில், சரக்கு எல்லாவற்றையும் ஜனங்கள் பார்க்கப் பரப்பி வைத்து, அதிகாரிகள் முன்னிலையில் செய்ய வேண்டும். எத்தனை கடல் தாண்டி வந்தாலும் கலப்பதைக் கண்ணால் பார்க்கலாம். மருந்து வேலை செய்ததோ இல்லையோ, என்ன சேர்ந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஆசிரியர் ஐயா இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்.

நான்காம் நாள், பாசல்

பாசலில் எங்கே நின்றாலும் ரோஷ் மருந்து நிறுவனத்தின் இரண்டு வெள்ளைக் கோபுரங்கள் தெரிகின்றன. படிக்கட்டு வைத்தாற்போல் மேலே போகப்போக ஒடுங்குகிற கட்டடங்கள். உயரமானது 205 மீட்டர். ஆற்றின் இந்தப் பக்கம், கொஞ்சம் வடக்கே நோவார்டிஸ் என்ற இன்னொரு மருந்து நிறுவனம். துணிக்குச் சாயம் செய்த பட்டறைகளிலிருந்து வளர்ந்த ஊர் இது. சாயத்தைப் பிரித்துச் சேர்த்த அதே வேதியியல்தான் பிறகு மருந்தானது.

ரைன் நதியில் கம்பியில் கோத்த படகு ஓடுகிறது. மோட்டார் இல்லை, நீரோட்டமே இக்கரையிலிருந்து அக்கரைக்குத் தள்ளிவிடுகிறது. இந்த ஆறு 1986 நவம்பர் 1-ஆம் தேதி சிவப்பாக ஓடியது. பக்கத்தில் ஷ்வைட்சர்ஹாலேயில் சாண்டோஸ் ரசாயனக் கிடங்கு எரிந்து, தீயணைத்த தண்ணீரோடு பூச்சிமருந்தும் சாயமும் ஆற்றில் கலந்தன. மீன்கள் செத்து மிதந்தன. அதன்பின் ஐரோப்பாவில் விதிகள் கடுமையாகின. இன்று மக்கள் இதில் குளிக்கிறார்கள். அது நல்ல விஷயம்தான். ஆனால் மருந்துத்தூள் செய்யும் வேலையில் பெரும் பங்கு கூலியும் விதியும் குறைவான இடங்களுக்கு நகர்ந்தபோது அழுக்கும் கூடவே போனது. ஐதராபாத் அருகே பட்டாஞ்சேருவில் பல மருந்து ஆலைகளின் கழிவுநீர் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றி 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. சுத்தம் செய்து வெளியே விட்ட நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து. அந்த மருந்தைச் சாப்பிடுகிற நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு சேராது. கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பழகிய கிருமிக்கு எல்லைச் சாவடியும் கிடையாது.

மாலையில் ஆற்றங்கரைப் படிகளில், இங்கே ஒரு மருந்தகத்தில் வேலை செய்யும் ஈழத்துப் பெண்ணைச் சந்தித்தேன். நண்பரின் தோழி. சின்ன வயதிலேயே வந்துவிட்டவர். மாத்திரையைக் குளிசை என்று அவர் சொல்லும்போது கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. அவர் சொன்னதை முடிந்தவரை அவர் பேச்சிலேயே தருகிறேன்.

"எங்கட அம்மாமார் குளிசையின்ர பேர் சொல்லமாட்டினம் அக்கா. வெள்ளைக் குளிசை, நடுவில கோடு போட்டது எண்டுதான் கேப்பினம். ஊருக்குப் போய் வரேக்க ஒரு வருசத்துக்குக் காணுமான மருந்தைக் கொண்டுவந்திடுவினம். இஞ்சத்தைய மருந்து தங்களுக்கு ஒத்துவராதாம். ஆனா ஊருக்குப் போகேக்க இஞ்சயிருந்து விட்டமினும் நோவுக்குப் பூசிறதும் பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு போவினம். அங்க இருக்கிற சனத்துக்கு சுவிஸ் மருந்தெண்டாத்தானே பெரிசு."

இரண்டு பக்கமும் தூர தேசத்து மருந்துதான் நல்ல மருந்து. அதில் வேதியியல் ஒன்றுமில்லை. பெட்டியில் மருந்து வைத்து அனுப்புவது, நான் உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வதற்கு ஒரு வழி. அதைச் சரி தப்பு என்று தராசில் போட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் அடுத்துச் சொன்னது வேறு.

"ஒரு அம்மா தலை சுத்தி விழுந்திட்டா. பிரஷர் நல்லாக் குறைஞ்சு போச்சு. பையைக் கொட்டிப் பாத்தா, ஊரில இருந்து கொண்டந்ததும் இஞ்சத்தைய டொக்டர் எழுதினதும் ஒரே மருந்து. பேர் மட்டும் வேற. ரெண்டையும் போட்டிருக்கிறா. அண்டையில இருந்து, பின்பக்கத்தில சின்ன எழுத்தில இருக்கிற பேரை எல்லாருக்கும் வாசிக்கப் பழக்கிறன். வாசிக்கத் தெரியாட்டி, கடைசி எழுத்தையாவது பாருங்கோ எண்டு சொல்லுறன்."

ஜெனீவாவில் 1953-ல் தொடங்கியது எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

அப்புறம் 2023-ஐப் பற்றிச் சொன்னார். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஐரோப்பா முழுக்கக் குழந்தைகளின் காய்ச்சல் மருந்துக்கும் அமாக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லிக்கும் தட்டுப்பாடு. நோய் ஒரே சமயத்தில் பெருகியது. மூலப்பொருள் செய்யும் இடங்கள் உலகத்தில் சிலவாகச் சுருங்கியிருந்தன. மலிவு விலைப் போட்டியில் மற்றவர்கள் கடையைக் கட்டிவிட்டதால் கைகொடுக்க ஆள் இல்லை. மார்ச் மாதம் சுவிஸ் அரசு, தட்டுப்பாடான மருந்துகளை முழுப் பெட்டியாகத் தராமல் தேவையான அளவுக்கு மட்டும் பிரித்துக் கொடுக்கச் சொல்லி மருத்துவர்களையும் மருந்தகங்களையும் கேட்டுக்கொண்டது.

"அந்தக் கட்டடம் தெரியுது பாருங்கோ" என்று கோபுரத்தைக் காட்டினார். "அதுக்குக் கீழ நிண்டு ஒவ்வொண்டா எண்ணிக் குடுத்தன் அக்கா. ஏழு நாளைக்கு எத்தினை, அவ்வளவுதான். சனம் நம்பேல்ல. சுவிஸில மருந்து இல்லையோ எண்டு கேட்டவை."

ஜெர்மனியில் சில மருந்தாளுநர்கள் அந்தக் குளிர்காலத்தில் குழந்தைகளுக்கான இபுப்ரோஃபென் காய்ச்சல் சிரப்பைத் தாங்களே தயாரித்துக் கொடுத்தார்கள். நேற்று கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த கல்வம் ஞாபகம் வந்தது. அந்தக் கைத்திறனை நாம் முழுக்கக் கைவிட்டுவிடக் கூடாது என்று இன்று இன்னும் உறுதியாக நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள், ஸ்ட்ராஸ்பூர்க்

காலையில் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பிரான்ஸ். எல்லை எங்கே போனதென்றே தெரியவில்லை.

தேவாலய சதுக்கத்தின் மூலையில் மரச்சட்டம் போட்ட ஒரு பழைய வீடு. இதன் வரலாற்றை 1268 வரை கொண்டு போகிறார்கள். நூற்றாண்டுக் கணக்கில் மருந்தகமாக இருந்து 2000-ல் மூடிவிட்டார்கள். கல்தூணில் கொடி சுற்றிய செதுக்கல். தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று தேய்ந்திருந்தது.

நான் முக்கியமாக வந்தது ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கட்டடத்துக்காக. ஐரோப்பிய மருந்துத் தர இயக்ககம். சுற்றுலாப் பயணிகள் யாரும் எட்டிப் பார்க்காத இடம். 1964-ல் போட்ட உடன்படிக்கையின்படி ஐரோப்பிய மருந்துத் தரநூல் இங்கிருந்துதான் வெளிவருகிறது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் ஆய்வகங்கள் தங்கள் மருந்தை ஒப்பிட்டுப் பார்க்க மாதிரித்தூள் இங்கிருந்து போகிறது. உள்ளங்கையில் அடங்கும் சின்னக் குப்பி, அதில் சிட்டிகைத் தூள். சுத்தமான வால்சார்டன் என்றால் இதுதான் என்று அதைக் காட்டிச் சொல்லலாம்.

ஒரு மருந்துத்தூள் ஆலை உலகின் எந்த மூலையில் இருந்தாலும், எங்கள் தூள் உங்கள் தரநூலின்படி இருக்கிறது என்று இங்கே விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கலாம். 2018 ஜூலையில், அந்தத் தூளைச் செய்த சீன ஆலையின் வால்சார்டன் சான்றிதழை நிறுத்தி வைத்ததும் இதே அலுவலகம்தான். அதாவது எங்கள் ஐயா ஆறு வருடம் விழுங்கிய மாத்திரைக்குப் பின்னால் இப்படி ஒரு காகிதம் இருந்தது. விலையைக் குறைக்கவோ விளைச்சலைக் கூட்டவோ ஆலைகள் செய்முறையை மாற்றுவது வழக்கம். அங்கே 2012-ல் மாற்றியபோது என்.டி.எம்.ஏ. துணைப்பொருளாக உருவாகத் தொடங்கியது. சோதனைகள் நடந்துகொண்டேதான் இருந்தன. ஆனால் அந்தப் பொருள் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்காததால் யாரும் அதைத் தேடவில்லை.

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரினிலும் இதுதான் நடந்தது. பன்றிக்குடலிலிருந்து எடுக்கும் மருந்து. 2007-08-ல் சீனாவிலிருந்து வந்த மூலப்பொருளில் அதைப் போலவே நடிக்கும் மலிவான ஒரு பொருளைக் கலந்திருந்தார்கள். அன்றைய சோதனைகளில் அது தேறிவிட்டது. அமெரிக்காவில் பல உயிர்கள் போயின. முதலில் கவனித்தவர்கள் செயின்ட் லூயிஸில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர்கள். குழந்தைகளின் முகம் வீங்குகிறதே என்று பார்த்தார்கள்.

2006-ல் பனாமாவில் இருமல் சிரப் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிளிசரின் என்று நினைத்துச் சேர்த்தது டைஎத்திலீன் கிளைகால். தித்திப்பாக இருக்கும், சிறுநீரகத்தைக் கொன்றுவிடும். சீனாவில் கிளம்பிய பீப்பாய்கள் ஸ்பெயின் வணிகர் ஒருவர் மூலம் பனாமா போயின. கைமாறக் கைமாற, செய்தவர் பெயர் காகிதத்திலிருந்து காணாமல் போனது. அடுத்த வருடம் அதே பனாமாவில் சாதாரண மனிதர் ஒருவர் கடையில் பற்பசை அட்டையைத் திருப்பிப் படித்தார். அதில் அந்த விஷத்தின் பெயர் அச்சாகியிருந்தது. போய்ப் புகார் கொடுத்தார். நாடு நாடாகப் பற்பசையைத் திரும்பப் பெற்றார்கள். படித்தவர்கள், ஆய்வகங்கள், அதிகாரிகள் எல்லோரையும் தாண்டி வந்ததை, பொறுமையாக எழுத்துக்கூட்டிய ஒருவர் பிடித்துவிட்டார்.

மாலை தலைவலி. பச்சைச் சிலுவை ஒளிர்ந்த ஒரு மருந்தகத்தில் பாராசிட்டமால் வாங்கினேன். எனக்கு முன்னால் நின்றவரின் மருந்துப் பெட்டியை அந்தப் பெண் ஸ்கேனரில் காட்டினார், 'பீப்' என்றது. 2019 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பாவில் மருத்துவர் சீட்டுக்குக் கொடுக்கும் பெட்டிகளில் தனி எண் இருக்கிறது. கொடுக்கும்போது சரிபார்க்க வேண்டும். போலிப் பெட்டி உள்ளே நுழைவது இதனால் மிகவும் கடினமாகிவிட்டது. நல்ல ஏற்பாடு, எல்லா நாட்டிலும் வரவேண்டும். ஆனால் அந்தச் சத்தம் பெட்டி உண்மையானது என்று மட்டும்தான் சொல்லும். 2018-ல் எங்கள் அலமாரியில் இருந்த வால்சார்டன் பெட்டிகளும் உண்மையானவைதான்.

ஆறாம் நாள், ரயிலில்

திரும்பும் வழி. இதை மடியில் வைத்து எழுதுகிறேன்.

2018-ல் ஐயாவுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. பயத்தில் அவர் ஒரு வாரம் மாத்திரையே போடாமல் விட்டுவிட்டார். ரத்த அழுத்தம் ஏறி மறுபடி மருத்துவரிடம் போக நேர்ந்தது. ஐரோப்பிய மருந்து முகமை அடுத்த மாதம் ஒரு கணக்கு வெளியிட்டது: அந்த ஆலையின் தூளில் செய்த மாத்திரையை, அதிகபட்ச அளவில், ஏழு வருடம் தினமும் சாப்பிட்ட 5,000 பேரில் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம். மாத்திரையை நிறுத்துவதில் உள்ள ஆபத்து அதைவிடப் பெரிது. கணக்கு வராவிட்டாலும், மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள் என்று அன்றைக்கே நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் பேட்ச் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையில் என் அப்பாவுக்கு வாங்கி வைத்த லோசார்டன் அட்டை ஒன்று இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தேன். பொதுப்பெயர் இருக்கிறது. விற்பவர், மாத்திரை செய்தவர், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கின்றன. தூள் செய்தவர் பெயர் இல்லை. செய்த கம்பெனிக்கு எழுதிக் கேட்கப் போகிறேன். பதில் வரும்வரை கேட்பேன்.

ஐயா மாதம் 5-ஆம் தேதி வருவார். நான் 4-ஆம் தேதி வேலைக்குத் திரும்புகிறேன்.